பெரியவர்களுக்கு சூட், நமக்கு உள் அறை: கப்பலில் முன்னுரிமை செக்-இன் யாருக்குக் கிடைக்கும்?

மும்பையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கப்பல் பயணம் பதிவு செய்யும்போது பெரும்பாலும் ஒரே கணக்குத்தான் போடுகின்றன. மாமனார் மாமியாருக்கு வசதியான சூட் அறை, பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு பால்கனி அறை, நாத்தனார் குடும்பத்துக்கு ஜன்னல் இல்லாத உள் அறை. பணம் மிச்சமாகும், பெரியவர்களுக்கும் சௌகரியம். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் பதிவு செய்து தரும் முகவர்களில் பலர் இதோடு ஒரு வாக்குறுதியையும் சேர்த்து விற்கிறார்கள்: "ஒருவர் சூட் எடுத்தால் போதும், உங்கள் குடும்பம் முழுவதும் முன்னுரிமை வரிசையில் போய்விடலாம்."

அப்படி இல்லை. முன்னுரிமை செக்-இன் அறைக்குத் தரப்படும் சலுகை. அந்த அறையில் யார் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவர்களோடு அது முடிந்துவிடும். எங்கள் முகவரும் இதே வாக்குறுதியைத் தந்தார். சிங்கப்பூர் துறைமுகத்தில் மாமனாரையும் மாமியாரையும் மட்டும் ஒரு பணியாளர் அன்போடு அழைத்தார். எங்களை எதிர்ப்பக்கம் நீண்ட வரிசைக்குக் கைகாட்டினார். "நீங்கள் யாரும் வராமல் நான் மட்டும் உள்ளே போய் என்னம்மா செய்வேன்?" என்று மாமியார் அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சூட் அறைக்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் அந்த ஒரு சலுகை யாருக்கும் பயன்படாமல் போனது. மறுநாளிலிருந்து நான் விசாரித்துச் சேர்த்த விவரங்கள் இவை. பதிவு செய்வதற்கு முன்பே படித்தால்தான் பயன்.

1. முன்னுரிமை எந்த வாசல்வரை செல்லும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

துறைமுகத்தில் நிற்கவேண்டிய இடம் ஒன்றல்ல. வாசலில் பெரிய பெட்டிகளை ஒப்படைக்கவேண்டும். அடுத்து கைப்பையை எக்ஸ்ரே சோதனைக்குக் கொடுக்கவேண்டும். பிறகு ஆவணம் பார்க்கும் கவுன்டர். வெளிநாட்டுத் துறைமுகங்களைத் தொடும் கப்பல் என்றால் குடியேற்றச் சோதனை. கடைசியாகக் கப்பலுக்குள் ஏறும் பாலம்.

முன்னுரிமை என்பது பெரும்பாலும் ஆவணக் கவுன்டர் வரிசைக்கும், சில நிறுவனங்களில் பாலத்தில் ஏறும் வரிசைக்கும் மட்டும்தான். பாதுகாப்புச் சோதனையும் குடியேற்றச் சோதனையும் கப்பல் நிறுவனத்தின் கையில் மட்டும் இருப்பவை அல்ல. அங்கே கப்பல் நிறுவனத்தின் சலுகை அட்டை செல்லும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். சில துறைமுகங்களில் தனிவழி ஏற்பாடு செய்திருப்பார்கள். அது அந்தத் துறைமுகத்தின் ஏற்பாடு.

இன்னொன்று. கப்பல் அன்று காலையில்தான் முந்தைய பயணிகளை இறக்கிவிட்டு வந்திருக்கும். அறைகளைச் சுத்தம் செய்து முடிக்க நண்பகல் தாண்டிவிடும். சீக்கிரம் ஏறினாலும் அறைக்குள் போக முடியாது. கைப்பையோடு பொது உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. உங்களுக்குக் கிடைப்பது எந்த வகை முன்னுரிமை?

மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் விதி வேறு. முகவர்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வார்கள்.

முதலாவது, அறை வகையால் வருவது. ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தில் சூட் அறைகள், எம்.எஸ்.சி. நிறுவனத்தில் யாட் கிளப், நார்வீஜியன் நிறுவனத்தில் ஹேவன், கெண்டிங் ட்ரீம் கப்பலில் பேலஸ் ஆகிய உயர்வகை அறைப் பிரிவுகள் இந்த ரகம். இவற்றில் சில கப்பலுக்குள் இன்னொரு கப்பல் போல இயங்குபவை: தனி உணவகம், தனி ஓய்வுக்கூடம், தனி நீச்சல் குளம். அங்கே வெளி அறைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. அதாவது பிரிவு வரிசையோடு நிற்காது. இரவுச் சாப்பாட்டிலும் தொடரும். பெரியவர்கள் தனி உணவகத்தில், பேரப்பிள்ளைகள் பொது உணவகத்தில் என்று ஆகிவிடும். பெரியவர்கள் பொது உணவகத்துக்கு வந்து சாப்பிடத் தடை இல்லை. ஆனால் அதற்கு எதற்குக் கூடுதல் பணம் என்று முன்கூட்டியே யோசியுங்கள்.

இரண்டாவது, பழைய பயணிகளுக்கான உறுப்பினர் நிலை. ராயல் கரீபியனின் கிரவுன் அண்ட் ஆங்கர் திட்டத்தில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் அறை என்றால் இரண்டு. 30 புள்ளி சேர்ந்தால் பிளாட்டினம், 80 சேர்ந்தால் டைமண்ட். ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவி இருவருக்கும், யாருடைய நிலை உயர்ந்ததோ அதுவே கிடைக்கும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் பெற்றோரின் நிலை கிடைக்கும். நம் கூட்டுக் குடும்பக் கணக்கு இங்கே உதைக்கும்: மகனின் நிலை அப்பா அம்மாவுக்குப் போகாது, அண்ணனின் நிலை தம்பிக்குப் போகாது. ஒரே சமையலறை, ஒரே ரேஷன் கார்டு என்றெல்லாம் வாதாடிப் பயனில்லை.

மூன்றாவது, பணம் கொடுத்துத் தனியாக வாங்குவது. இதில்தான் வெவ்வேறு வகை அறை எடுக்கும் கலப்பு அறைக் குடும்பங்களுக்கு உண்மையான வழி இருக்கிறது. ராயல் கரீபியனில் 'தி கீ' என்று ஒரு திட்டம். வாங்கினால் அந்த அறையில் இருக்கும் 6 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவரும் தலைக்கு ஒன்று வாங்கியாகவேண்டும். கார்னிவல் நிறுவனத்தில் 'ஃபாஸ்டர் டு த ஃபன்' என்பது அறைக்கு ஒரே கட்டணம். நான்கு பேர் தங்கும் அறைக்கு, அறைக்கு ஒரே கட்டணம் என்பது எவ்வளவு மலிவு என்று சொல்லவேண்டியதில்லை. இவை குறைந்த எண்ணிக்கையில்தான் விற்பனைக்கு வரும். கட்டணமும் பயணத்துக்குப் பயணம் மாறும். எனவே அறை பதிவான அன்றே உங்கள் பதிவுக்கு இது இருக்கிறதா என்று பாருங்கள்.

3. எழுத்தில் கேளுங்கள்

முகவர் தொலைபேசியில் சொன்னது துறைமுகக் கவுன்டரில் செல்லாது. முன்பணம் கட்டுவதற்கு முன் கப்பல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவர் மூலம் பதிவு செய்தால் சில நிறுவனங்கள் உங்களிடம் நேரடியாகப் பேச மறுக்கும். அப்படியானால் முகவரைக் கேட்கவைத்து, நிறுவனத்தின் பதிலை அப்படியே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேட்கவேண்டியவை:

எங்கள் இரண்டு (அல்லது மூன்று) முன்பதிவு எண்களில் எந்த எண்ணுக்கு முன்னுரிமை செக்-இன் உண்டு, அந்த எண்ணில் உள்ள எத்தனை பேருக்கு உண்டு?

மற்ற எண்ணில் இருப்பவர்கள் அவர்களோடு சேர்ந்து அதே வரிசையில் நிற்க இந்தத் துறைமுகத்தில் அனுமதி உண்டா?

பெற்றோர் ஓர் அறையிலும் சிறுவர்கள் இன்னோர் அறையிலும் பதிவாகியிருந்தால் சிறுவர்களுக்கு விலக்கு உண்டா?

இரண்டாவது கேள்விக்கு "பணியாளரின் முடிவைப் பொறுத்தது" என்று பதில் வந்தால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவான நாளில் அந்தப் பணியாளர் புன்னகையோடு எல்லோரையும் விட்டுவிடலாம். பள்ளி விடுமுறை நாளில் விடமாட்டார். நாம் போவதே பள்ளி விடுமுறையில்தானே.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. "உங்கள் பதிவுகளை இணைத்துவிட்டேன், இனிக் கவலையில்லை" என்று முகவர் சொல்வார். பதிவு எண்களை இணைப்பது நல்லதுதான், கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டில் ஒரே மேசை கிடைக்க அது உதவும்; நீங்கள் சேர்ந்து வந்தவர்கள் என்று நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் இணைப்பு சலுகையை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கடத்தாது. ரயிலில் ஒருவருக்கு ஏ.சி. முதல் வகுப்பும் மற்றவருக்கு ஸ்லீப்பரும் எடுத்துவிட்டு, ஒரே குடும்பம் என்று சொல்லி ஏ.சி. பெட்டியில் உட்கார முடியாது அல்லவா, அப்படித்தான்.

4. யார் பெயரை எந்த அறையில் போடுவது

இதில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும். முன்னுரிமை பெயரைத் தொடர்ந்து போகிறது என்றால், பெயரை எங்கே போடுகிறோம் என்பதே நம் கையில் இருக்கும் ஒரே பிடி.

நம் வழக்கம் தாத்தாவும் பாட்டியும் ஒரே அறை என்பது. அதை எழுதிக்கொடுத்தால் துறைமுகத்தில் வயதான இருவரும் தனியாக உள்ளே போவார்கள். போர்டிங் பாஸ் செல்போனில், செல்போன் மகனிடம், மகன் வேறு வரிசையில். சூட் அறை மூன்று அல்லது நான்கு பேர் தங்கக்கூடியதாக இருந்தால், பெரியவர்களோடு ஒரு மகனையோ மருமகளையோ அல்லது விவரமறிந்த பேரனையோ சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் முதல் இருவரைவிடக் குறைவு. ஆகவே இது செலவிலும் கைகொடுக்கக்கூடும்.

ஆனால் இப்படி மாற்றும்போது மற்ற அறையில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் கணக்கு தலைகீழாகும். தனியாக ஒருவர் தங்கினாலும் பெரும்பாலான கப்பல்களில் இரண்டு பேர் கட்டணம் கட்டவேண்டும்.

சூட் அறையில் கட்டில் இருந்தும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்று சில சமயம் பதில் வரும். முகவர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆபத்துக் காலத்தில் எந்த அறைக்காரர் எந்த உயிர்காப்புப் படகருகே கூடவேண்டும் என்று முன்பே வகுத்திருப்பார்கள். அந்தப் படகின் இடம் நிரம்பிவிட்டால் அந்தப் பகுதி அறைகளில் கூடுதல் ஆள் சேர்க்கமாட்டார்கள். சீக்கிரம் பதிவு செய்தால் இந்தச் சிக்கல் குறையும்.

சிறுவர்கள் மட்டும் இருக்கும் அறையைப் பொதுவாகத் தரமாட்டார்கள். ஒவ்வோர் அறையிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து புறப்படும் ராயல் கரீபியன் கப்பல்களில் அந்தப் பெரியவருக்கு 21 வயது ஆகியிருக்கவேண்டும். பெற்றோர் பக்கத்து அறையிலேயே இருந்தால் விலக்கு உண்டு.

அறைகளின் இடம் பற்றியும் ஒரு சொல். சூட் அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களில், உள் அறைகள் எல்லாத் தளங்களிலும் சிதறி இருக்கும். 'பக்கத்து அறை' வேறு, 'உள்கதவு உள்ள அறை' வேறு. இரண்டாவதில்தான் வராந்தாவுக்கு வராமல் போய்வரலாம். விலை குறைவு என்பதற்காக, அறை எண்ணைப் பின்னால் ஒதுக்கும் 'கியாரண்டி' வகையை எடுக்காதீர்கள். வகை மட்டுமே உறுதி, இடம் அவர்கள் விருப்பம். மாமியார் பத்தாவது தளத்தின் முன்பக்கத்திலும் நீங்கள் மூன்றாவது தளத்தின் பின்பக்கத்திலும் இருந்தால் மாத்திரை கொடுக்க ஒவ்வொரு வேளையும் ஒரு நடைப்பயணம். பதிவுக்குப் பிறகு "ஏலம் கேட்டு அறையை உயர்த்திக்கொள்ளலாம்" என்று வரும் மின்னஞ்சலும் இதே வம்புதான். ஏலத்தில் ஓர் அறை மட்டும் ஜெயித்தால் அந்த அறை இடம்மாறிப் போய்விடும்.

5. பெயர், ஆவணம்: தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல்

கப்பல் நிறுவனத்தின் கணினி குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு ஏது? மாமனாரின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர், கணவருடையதில் மாமனார் பெயர், என்னுடையதில் கணவர் பெயர், நாத்தனாருடையதில் அவர் கணவர் பெயர். ஒரே குடும்பத்தில் நான்கு 'குடும்பப் பெயர்'. திரையைப் பார்க்கும் பணியாளருக்கு நாம் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். இரண்டு அறைக்காரர்கள் சேர்ந்து வந்து "நாங்கள் ஒரே குடும்பம்" என்றால் அவர் தயங்குவது இதனாலும்தான்.

செய்யவேண்டியவை: பதிவில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். இனிஷியலை முகவர் தன் இஷ்டத்துக்கு விரிக்க விடாதீர்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், அந்தக் கட்டத்தில் என்ன நிரப்பவேண்டும் என்று நிறுவனத்திடமே கேளுங்கள். விமான டிக்கெட், விசா, கப்பல் பதிவு மூன்றிலும் அதே முறையைப் பின்பற்றுங்கள். துபாயில் கப்பல் ஏறுவோர் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்: ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோருக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் பெயரைத் திருத்த அதை மறுபடி வழங்கக் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்; தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்குத்தான். பெரியவர்களுடையது போல 10 ஆண்டு என்று எண்ணி அலமாரியில் வைத்திருப்போம். பயணத் தேதியிலிருந்து 6 மாதம் செல்லுபடியாகவேண்டும் என்ற விதியில் பெரும்பாலும் சிக்குவது பிள்ளைகளின் புத்தகம்தான். பிள்ளையைத் தாத்தா பாட்டி அறையில் பதிவு செய்திருந்தால் பிறப்புச் சான்றிதழ் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். பெற்றோர் பயணத்திலேயே இல்லை என்றால் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும்.

மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று உள்நாட்டுக்குள் போகும் கப்பலுக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு அடையாள அட்டை போதும். புகைப்பட நகலையோ பான் அட்டையையோ மட்டும் நம்பிப் போகவேண்டாம்.

சிங்கப்பூரில் ஏறுவதென்றால் விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் விண்ணப்பிக்கவேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், திரும்பக் கிடைக்காது. முகவர் கூலி தனி. கப்பல் மலேசியாவையோ தாய்லாந்தையோ தொட்டுவிட்டுத் திரும்புகிறதென்றால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். கையில் கிடைத்த விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது இலவசம், வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் செய்யவேண்டும். இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள்.

கைக்குழந்தை, கர்ப்பிணி இருவரையும் பற்றிய விதி எந்த அறை எடுத்தாலும் ஒன்றுதான். பொதுவாகக் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கவேண்டும், நெடுங்கடல் பயணங்களுக்கு 12 மாதம். 24 வாரத்தைத் தொட்ட கர்ப்பிணியை ஏற்றமாட்டார்கள். பயணம் முடியும் நாளில் எத்தனை வாரம் என்பதே கணக்கு.

6. செலவு

சூட் அறையின் விலை விளம்பரத்தில் பார்த்ததோடு முடியாது. துறைமுகக் கட்டணம், வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பணியாளர் சேவைக் கட்டணம் எல்லாம் மேலே ஏறும். பல நிறுவனங்களில் சூட் அறைக்காரருக்குச் சேவைக் கட்டணமும் சற்று அதிகம். வெறும் வரிசைக்காக சூட் எடுப்பது வீண் என்பது என் கருத்து. பெரிய குளியலறை, உட்கார இடம், பால்கனி ஆகியவை பெரியவர்களுக்குத் தேவை என்றால் எடுங்கள். வரிசையைச் சமாளிக்கச் செலவே இல்லாத வழிகள் கீழே இருக்கின்றன.

வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு வாங்கும்போது முகவர் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். யாருடைய பான் எண்ணில் ரசீது போடுகிறாரோ அவர் கணக்கில்தான் அது வரவாகும். செலவை அண்ணனும் தங்கையும் பங்கிடுகிறீர்கள் என்றால் இரண்டு ரசீதாகப் போடச் சொல்லுங்கள். பிடித்த வரி வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் தெரிகிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

7. ஆன்லைன் செக்-இன்: இலவசமாகக் கிடைக்கும் முன்னுரிமை

பலரும் கவனிக்காமல் விடும் படி இது. ராயல் கரீபியனில் பயணத்துக்கு 45 நாள் முன்பு ஆன்லைன் செக்-இன் திறக்கும். அப்போதே துறைமுகத்துக்கு வரும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். டிஸ்னி கப்பல்களில் முதல் முறை வருவோருக்கு 30 நாள் முன்பு. பழைய பயணிகளுக்கு நிலைக்கேற்ப 33, 35, 38, 40 நாள் முன்பு. கன்சியர்ஜ் என்னும் உயர்வகை அறைக்காரருக்கும் 40. முதலில் வருபவருக்கு முதல் நேரம்.

கலப்பு அறைக் குடும்பம் செய்யவேண்டியது, சூட் அறையின் நேரத்தை மறந்துவிட்டு உள் அறையின் நேரத்தைப் பிடிப்பது. சூட்காரருக்கு எப்போது வந்தாலும் தனி வரிசை உண்டு. உள் அறைக்காரருக்கு முதல் நேரம் கிடைத்துவிட்டால் அவர்கள் வரிசையும் குட்டைதான். இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாக உள்ளே போய்விடலாம்.

திறக்கும் நாளை நாட்காட்டியில் குறியுங்கள். நேரம் அந்தந்த நாட்டுக் கடிகாரப்படி இருக்கலாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை. எல்லா முன்பதிவு எண்களையும் ஒரே ஆள் வைத்துக்கொண்டு, இரண்டு திரைகளில் அடுத்தடுத்து நிரப்புங்கள். பாஸ்போர்ட் எண்கள், காலாவதித் தேதிகள், எல்லோருடைய புகைப்படங்கள், அவசரத் தொடர்பு எண், பணம் கட்டும் அட்டை ஆகியவற்றை முன்தினமே ஒரு தாளில் எழுதித் தயாராக வைத்திருங்கள். வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கவைத்து எடுத்த படம் போதும். நாத்தனார் "அப்புறம் அனுப்புகிறேன்" என்று சொல்லும் புகைப்படம்தான் வழக்கமாக எல்லோரையும் நிறுத்திவைக்கும்.

8. சக்கர நாற்காலி கேட்க வெட்கப்படாதீர்கள்

முழங்கால் வலி, இதய நோய், நீண்டநேரம் நிற்க முடியாமை: இவற்றில் எது இருந்தாலும் துறைமுக உதவி கேளுங்கள். பல நிறுவனங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. நாற்காலியில் அழைத்துச் செல்பவரோடு குடும்பத்தில் ஒருவராவது உடன்போக அனுமதிப்பார்கள். அறை வகை எதுவாக இருந்தாலும் இது கிடைக்கும். உதவி தேவைப்படுவோர் படிவத்தைப் பல வாரங்களுக்கு முன்பே அனுப்பவேண்டும். அன்று காலையில் போய்க் கேட்டால் நாற்காலி திரும்பிவரும்வரை காத்திருக்கவைப்பார்கள். "நான் என்ன நோயாளியா?" என்று மாமனார் கோபித்துக்கொள்வார். பாலத்தின் ஏற்றத்தைப் படத்தில் காட்டுங்கள், சம்மதித்துவிடுவார்.

9. புறப்படும் நாள்

பெட்டிகளில் ஒட்டும் அடையாளச் சீட்டை வீட்டிலேயே அச்சிட்டு, மடித்து, கைப்பிடியைச் சுற்றிப் பின்னடித்து, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் அறை எண் இருக்கும். எல்லாப் பெட்டிக்கும் சூட் அறைச் சீட்டை ஒட்டினால் எல்லாம் முதலில் வந்துவிடும் என்று ஒரு யோசனை உலவுகிறது. வரும், ஆனால் எல்லாமே மாமியார் அறை வாசலுக்கு வரும். பிறகு எட்டுப் பெட்டியைத் தளம் தளமாக இழுப்பது உங்கள் வேலை. சீட்டு சரியாக இருந்தாலும் பெட்டி மாலையில்தான் வரும். மாத்திரை, பாஸ்போர்ட், குழந்தைக்கு மாற்றுடை, நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, குட்டி ரைஸ் குக்கர் ஆகியவற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். அப்படிப் பிடிபட்ட பெட்டி அறைக்கு வராது. நீங்கள் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய்த் திறந்துகாட்டவேண்டும். வீட்டில் அரைத்த பருப்புப் பொடிக்கும் இதே கதி நேரலாம். வீட்டில் செய்த உணவை பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கடையில் முத்திரையிட்டு விற்கும் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மும்பையில் கப்பல் ஏறுவோருக்கு: முனையம் பல்லார்டு எஸ்டேட் பக்கம். செம்பூரிலிருந்தோ காட்கோபரிலிருந்தோ ஆட்டோவில் கிளம்பாதீர்கள். சயானைத் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. டாக்ஸியில் ஈஸ்டர்ன் ஃப்ரீவே வழியாக வந்தால் பி. டிமெல்லோ சாலையில் இறங்கிவிடலாம். முல்லுண்டு, டோம்பிவிலிக்காரர்கள் ஆளை மட்டும் ரயிலில் சி.எஸ்.எம்.டி.க்கு அனுப்பி, பெட்டிகளைக் காரில் அனுப்பும் உத்தியைக் கைவிடுங்கள். பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில் ஒவ்வோர் அறைக்காரரும் தங்கள் சீட்டோடு இருப்பது நல்லது. சிங்கப்பூரில் இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன: மெரினா பே ஒன்று, ஹார்பர்ஃபிரன்ட் மற்றொன்று. டாக்ஸி ஓட்டுநரிடம் 'குரூஸ் சென்டர்' என்று மட்டும் சொன்னால் தவறான இடத்தில் இறங்க வாய்ப்புண்டு.

வாசலில் பிரிவதற்கு முன், யாரிடம் யாருடைய பாஸ்போர்ட் என்று ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு ஒருவர் சுமப்பது நம் வழக்கம். இரண்டு வரிசை என்றால் இரண்டு உறை. உள்ளே சந்திக்கவேண்டிய இடத்தையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கப்பலுக்குள் செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

10. இறங்கும் நாள்

இறங்குவதிலும் முன்னுரிமை உண்டு, அதுவும் அறைப்படிதான். கடைசி இரவு பெட்டிகளை வராந்தாவில் வைக்கும்போது கட்டவேண்டிய எண்ணோ நிறமோ கொண்ட சீட்டு ஒவ்வோர் அறைக்கும் வரும். அதன் வரிசைப்படிதான் இறங்க அழைப்பார்கள். சூட் அறைக்காரர் முதலில் இறங்கி, வெளியே வெயிலில் நின்று உங்களுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. பயணிகள் சேவை மேசையில் கேட்டால் எல்லா அறைக்கும் ஒரே எண் கொண்ட சீட்டு தருவார்கள். திரும்பும் விமானம் ஒன்றே என்று டிக்கெட்டைக் காட்டினால் வேலை எளிதாக முடியும். இதை முன்தினம் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். கணக்குத் தீர்க்க வருபவர்களால் மாலையில் அந்த மேசை முன்னால் நீளும் வரிசையில் சூட் அறைக்காரரும் உள் அறைக்காரரும் ஒன்றாகத்தான் நிற்கவேண்டியிருக்கும்.